மூக்குப் பூஞ்சை மூளையை நெருங்கும்போது: பெங்களூரில் எங்கே போவது?

சர்க்கரை உள்ள ஒருவருக்கு ஒரு பக்கக் கன்னமும் கண்ணும் வீங்குகிறது. “சைனஸ்ல பூஞ்சையா இருக்கலாம், மூளைப் பக்கம் போயிடக் கூடாது” என்று டாக்டர் சொல்லிவிட்டால், பெங்களூர்த் தமிழ் வீட்டில் அன்றைக்கு ஆளுக்கொரு கட்சி. கிளினிக்கில் எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக் முடியட்டும், பார்க்கலாம் என்பார் ஒருவர். மூளை என்றால் நிம்ஹான்ஸ்தான் என்பார் இன்னொருவர். அரசு ஆஸ்பத்திரி என்றால் விக்டோரியாவா, பௌரிங்கா, காசு போனாலும் தனியாரா என்று அடுத்த பேச்சு. அதற்குள் மாமா போனில், “பேசாம வேலூருக்குக் கூட்டிட்டு வந்துடுங்கப்பா” என்பார். நான் இந்த ஊரில் ஓர் ஆஸ்பத்திரி மருந்தகக் கவுன்ட்டரில் நிற்பவன், டாக்டர் இல்லை. இந்த வாக்குவாதத்தின் பாதி என் ஜன்னலுக்கு முன்னால்தான் நடக்கும்.

என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இன்று ராத்திரிக்குள் மூக்குக்குள் எண்டோஸ்கோப் விட்டுப் பார்த்து, துளி சதை எடுத்து லேபுக்கு அனுப்பி, தேவைப்பட்டால் நாளைக்கே தியேட்டருக்கு ஏற்றக்கூடிய இடம் எது? அதுதான் கேள்வி. சிகிச்சை தொடங்க வேண்டிய இடம் மூளை அல்ல, மூக்கு.

ஆனால் எல்லாப் பூஞ்சைக்கும் இந்த ஓட்டம் வேண்டாம். சைனஸுக்குள், அதாவது மூக்கைச் சுற்றிய காற்றறைக்குள், பூஞ்சை உருண்டையாகத் திரண்டு கிடப்பது ஒரு வகை. பூஞ்சைக்கு ஒவ்வாமையாகி, மூக்கில் சதை வளர்ந்து, பசை மாதிரி கெட்டிச் சளி அடைத்துக்கொள்வது இன்னொரு வகை. இரண்டிலும் பூஞ்சை சதைக்குள் ஊடுருவுவதில்லை. நாள் பார்த்து நிதானமாக ஆபரேஷன் செய்துகொள்ளலாம். ஒவ்வாமை வகைக்கு ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்டீராய்டே மருந்து. ஊடுருவும் வகையில் அதே ஸ்டீராய்டு எரிகிற தீயில் எண்ணெய். அதனால்தான் சதைப் பரிசோதனை ரிப்போர்ட் வருவதற்குள் “வீக்கம் குறையட்டும்” என்று யாராவது ஸ்டீராய்டு மாத்திரையை நீட்டினால் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

ஊடுருவும் வகையிலும் மெதுவாகப் போவது ஒன்று உண்டு. பெரும்பாலும் ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சை. இந்தியா, பாகிஸ்தான், சூடான் பக்கம் அதிகம் பார்க்கப்படுவது. உடம்பில் வேறு நோயே இல்லாதவருக்குக் கூட வரும். மாதக்கணக்கில் வலியில்லாமல் ஒரு கண் முன்னால் தள்ளிக்கொண்டு வரும், ஸ்கேனில் புற்றுக்கட்டி மாதிரி தெரியும். இதுவும் மூளை வரை போகும், ஆனால் நாள் கொடுத்துப் போகும்.

நாள் கொடுக்காதது மியூகர். 2021இல் கொரோனா இரண்டாம் அலையோடு வந்து, கரும்பூஞ்சை என்று எல்லோர் வாயிலும் புகுந்ததே, அதுதான். அந்த ஆண்டு நாடு முழுவதும் 40,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். பல மையங்கள் சேர்ந்து 2,826 நோயாளிகளின் விவரத்தைத் தொகுத்தபோது அவர்களில் 78 சதவீதம் பேருக்குச் சர்க்கரை இருந்தது, 87 சதவீதம் பேர் ஸ்டீராய்டு எடுத்திருந்தார்கள். கொரோனா போய்விட்டது, சர்க்கரை போகவில்லை. இன்றும் இந்த நோயோடு வருபவர்களில் பலர் மாத்திரையை நிறுத்திவிட்டு, சர்க்கரை கட்டுமீறி ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறிய நிலையில் வருகிறவர்கள். கீட்டோன் ஏறி ரத்தம் அமிலமாகும்போது, கட்டுண்டு கிடக்கும் இரும்புச்சத்து அவிழ்கிறது. அது இந்தப் பூஞ்சைக்கு விருந்து. கீமோதெரபியில் வெள்ளணு விழுந்தவர்களுக்கும், சிறுநீரக மாற்று செய்தவர்களுக்கும் இதே எச்சரிக்கை உண்டு.

மூளைக்குப் போகிற வழியைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் மற்ற முடிவுகள் சுலபமாகும். இந்தப் பூஞ்சை ரத்தக் குழாயின் சுவருக்குள் நுழைந்து ரத்தத்தை உறைய வைக்கும். ரத்தம் போகாத சதை செத்துக் கறுக்கும். செத்த சதைக்குள் மருந்தும் போகாது, மருந்து வரும் வழியும் அதே ரத்தக் குழாய்தானே. மூக்கின் பக்கவாட்டு சைனஸுக்கும் கண்ணுக்கும் நடுவில் இருப்பது அப்பளம் மாதிரி மெல்லிய எலும்பு. அதைத் தாண்டினால் கண்குழி. கண்குழியின் பின்கோடியிலிருந்து அடுத்த நிறுத்தம் கேவர்னஸ் சைனஸ். இது மூக்குச் சைனஸ் இல்லை, மண்டையோட்டின் அடியில் இருக்கும் ரத்தக் குளம். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனியும், கண்ணை அசைக்கும் நரம்புகளும் அதன் வழியாகத்தான் போகின்றன. அங்கே ரத்தம் உறைந்தால் இமை தொங்கும், கண் அசையாமல் நின்றுவிடும், நெற்றி மரத்துப்போகும். கரோட்டிட் அடைத்தால் எதிர்ப்பக்கக் கை கால் விழும். மூக்கின் கூரை எலும்பு வழியாக நேரே மேலே ஏறினால் மூளையின் முன்பகுதியில் சீழ்க்கட்டி.

வீட்டிலேயே பார்க்கக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. வாயைத் திறக்கச் சொல்லி போன் டார்ச்சை அடித்து மேலண்ணத்தைப் பாருங்கள், கறுப்போ சாம்பலோ திட்டு தெரிகிறதா என்று. பஞ்சால் இரண்டு கன்னத்தையும் தொட்டு, ஒரு பக்கம் உணர்வு குறைகிறதா என்று கேளுங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் திறந்திருக்கும்போது எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறதா? மேல்பல் ஆடுகிறதா? மூக்கிலிருந்து கறுப்பாகவோ ரத்தம் கலந்தோ வருகிறதா? சர்க்கரைக்காரருக்கு இதில் ஒன்று இருந்தாலும் காலை ஓபிடி டோக்கனுக்குக் காத்திருக்கக் கூடாது. ராத்திரியே கேஷுவாலிட்டி.

நாலு கட்சிகளும் நானும்

‘ஆன்டிபயாடிக் முடியட்டும்’ கட்சியை முதலில் முடித்துவிடலாம். பாக்டீரியாவுக்கான மருந்து பூஞ்சையைத் தொடாது. ஆவி பிடிப்பதும் தொடாது. ரத்தப் புற்று நோயாளிகளிடம் நடத்தி 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அறிகுறி தொடங்கி 6 நாளுக்குள் பூஞ்சை மருந்து ஆரம்பித்தவர்களில் 12 வாரத்துக்குள் இறந்தவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர். அதற்கு மேல் தாமதமானவர்களில் 80 சதவீதத்துக்கு மேல். சர்க்கரை நோயாளிக்கு அதே எண்கள் அப்படியே பொருந்தாது. இருந்தாலும் ஐந்து நாள் கோர்ஸ் என்பது இந்தக் கணக்கில் எவ்வளவு பெரிய செலவு என்று தெரிகிறதல்லவா.

நிம்ஹான்ஸ் கட்சியினர் மேல் எனக்கு மரியாதை உண்டு. நரம்பியலில் அதற்கு நிகராக இந்தப் பக்கம் எதைச் சொல்வது! வலிப்பு வந்துவிட்டது, ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது, மூளையில் சீழ்க்கட்டி என்று எம்ஆர்ஐ சொல்லிவிட்டது என்றால் அந்தப் பெயர் நியாயமாகவே வாயில் வரும். ஆனால் கண் மட்டும் வீங்கி, நினைவு தெளிவாக இருக்கிற நோயாளிக்கு முதல் ஆள் காது மூக்கு தொண்டை சர்ஜன்தான். கூடவே கண் டாக்டர், இன்சுலின் ட்ரிப்பைப் பார்த்துக்கொள்ளும் மெடிசின் டாக்டர், பூஞ்சையைக் கண்ணால் பார்த்துச் சொல்லும் மைக்ரோபயாலஜி லேப். இத்தனையும் ஒரே வளாகத்தில் இருக்கிற பொது ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து நியூரோவைக் கூப்பிடுவதோ அனுப்பச் சொல்வதோ நல்லது.

அந்த அளவுகோலில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளை நம் ஆட்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்பது என் எண்ணம். கே.ஆர். மார்க்கெட் பக்கம் விக்டோரியாவும், அதே மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மின்டோ கண் ஆஸ்பத்திரியும் பக்கத்தில் பக்கத்தில். சிவாஜிநகர் பௌரிங்கில் 2021இல் கரும்பூஞ்சைக்கென்றே தனி ஏற்பாடு செய்தார்கள். அந்த வட்டாரத்தில் தமிழ் காதில் விழாமல் நாலு அடி நடக்க முடியாது, பாஷை பயம் தேவையில்லை. வழி கேட்க ‘கிவி மூகு கண்டலு’ என்றால் காது மூக்கு தொண்டைக்குக் கை காட்டுவார்கள். ராத்திரி இரண்டு மணிக்கும் பி.ஜி. டாக்டர் ஒருவர் விழித்திருப்பார். குறை என்னவென்றால் எம்ஆர்ஐக்கு வரிசை, படுக்கைக்கு வரிசை. ஸ்ட்ரெச்சர் தள்ளவும், ரத்த சாம்பிளை லேபுக்கு எடுத்துக்கொண்டு ஓடவும், சீட்டோடு வெளியே மருந்துக்கு அலையவும் கூட இருக்க இரண்டு பேர் வேண்டும். ஒற்றை ஆளாகப் போனால் நாள் வீணாகும்.

பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், அது உண்மையான லாபம். பணம் கட்டுவதற்கு முன் பில்லிங் கவுன்ட்டரில் அல்ல, டாக்டரிடம் கேட்க வேண்டியவை உண்டு. சதையை நீங்களே இங்கேயே பார்ப்பீர்களா, வெளி லேபுக்கு அனுப்புவீர்களா? ஞாயிற்றுக்கிழமை என்றாலும் ஆபரேஷன் நடக்குமா? லிப்போசோமல் ஆம்போடெரிசின் கையிருப்பு இருக்கிறதா? எஸ்டிமேட்டில் இரண்டாவது, மூன்றாவது ஆபரேஷனும் சேர்ந்திருக்கிறதா? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. இந்த நோயில் ஒரே முறை சுத்தம் செய்து முடிவது அபூர்வம். இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி எண்டோஸ்கோப் விட்டுப் பார்த்து, புதிதாகக் கறுத்ததை மறுபடி எடுப்பார்கள். முதல் ஆபரேஷனோடு கைக்காசு தீர்ந்து, நடுவில் ஆஸ்பத்திரி மாற்றுவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. பாதியில் பணம் தீரும் என்று தெரிந்தால் முதல் நாளே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். செயின்ட் ஜான்ஸ் போன்ற அறக்கட்டளை மருத்துவக் கல்லூரிகள் இரண்டுக்கும் நடுவில் நிற்பவை. கல்லூரியின் ஆள்பலம் இருக்கும், செலவு இலவசமும் இல்லை, கார்ப்பரேட் அளவும் இல்லை.

வேலூர். தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர்களுக்கு சிஎம்சி என்பது ஆஸ்பத்திரி மட்டுமில்லை, ஒரு நம்பிக்கை. தூரம் சுமார் 210 கிலோமீட்டர். சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி, ஓசூர், கிருஷ்ணகிரி, ஆம்பூர் என்று போய்ச் சேர நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் கணக்கில் சேர்க்க வேண்டியது அந்த நாலு மணி நேரம் மட்டுமில்லை. வண்டி ஏற்பாடு, அங்கே பதிவு, முதலிலிருந்து ரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்ந்தால் ஒரு நாள் போகும். வழியில் கீட்டோன் ஏறினால் வேன் ஓட்டுநரா இன்சுலின் ட்ரிப்பை மாற்றுவார்? மெதுவாகப் போகும் ஆஸ்பர்ஜில்லஸ் வகை என்றால் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு தாராளமாக வேலூர் போங்கள். அந்த நோய்க்கு நிதானமான ஆலோசனையே பலம். மியூகர் என்று சந்தேகம் இருக்கும்போது போகாதீர்கள். போயே தீர வேண்டும் என்றால், முதல் டோஸ் ஆம்போடெரிசின் ஏறிய பிறகு, சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகு, அங்கே டாக்டரிடம் பேசி வைத்துவிட்டுப் போங்கள்.

ஸ்கேனா, சதையா

சிடி எலும்பைக் காட்டும், சீக்கிரம் முடியும். எம்ஆர்ஐ கண்குழி, கேவர்னஸ் சைனஸ், மூளை மூன்றையும் காட்டும். இந்த நோய்க்கு இரண்டும் தேவைப்படும். ஆனால் ஆரம்பத்தில் சிடி வெறும் சளிச்சவ்வு வீக்கம் மாதிரிதான் இருக்கும். “சிடி நார்மல், வீட்டுக்குப் போங்க” என்ற பேச்சை நம்பி மரத்த கன்னத்தோடு திரும்பக் கூடாது. தீர்ப்பு சொல்வது சதைதான். கேஓஎச் என்ற காரக் கரைசலைச் சொட்டு விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் சில மணி நேரத்தில் பதில். மியூகர் என்றால் அகலமான, நடுவில் தடுப்பில்லாத, நாடா போன்ற இழைகள் கிட்டத்தட்டச் செங்கோணத்தில் கிளைக்கும். ஆஸ்பர்ஜில்லஸ் என்றால் மெல்லிய, தடுப்புள்ள இழைகள், கூர்ங்கோணக் கிளை. இந்த வித்தியாசம் மருந்துச் சீட்டையே மாற்றும். ஆஸ்பர்ஜில்லஸுக்கு வோரிகோனசோல் அருமையான மருந்து, மூளைக்குள்ளும் நன்றாக நுழையும். மியூகரிடம் அது செல்லாது.

என் கவுன்ட்டரில் நடப்பது

மியூகருக்கு முதல் மருந்து ஆம்போடெரிசின் பி. இது இரண்டு உருவத்தில் பிரதானமாக வருகிறது. சாதாரணமானது மலிவு. லிப்போசோமல் என்பது கொழுப்புக் குமிழிக்குள் அடைத்தது. 50 மில்லிகிராம் வயல் (மருந்துக் குப்பி) ஒன்றே சில ஆயிரம் ரூபாய் வரும். லிப்போசோமல் கிலோவுக்கு 5 மில்லிகிராம், மூளை தொட்டுவிட்டால் 10 வரை கொடுப்பார்கள். அறுபது கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 வயல், மூளை என்றால் 12 வயல். இப்படி வாரக்கணக்கில். கணக்கைக் கேட்டதும் ஜன்னலுக்கு வெளியே நிற்பவர் முகம் மாறுவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சாதாரண வகை கிலோவுக்கு 1, அதிகபட்சம் 1.5 மில்லிகிராம். அது ஏறும்போது நோயாளி கட்டிலே ஆடும் அளவுக்குக் குளிர் நடுக்கம் வரும், சிறுநீரகம் அடிவாங்கும், பொட்டாசியமும் மக்னீசியமும் சரியும். லிப்போசோமலில் இதெல்லாம் குறைவு, இல்லாமல் இல்லை. சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்த சர்க்கரைக்காரர், அல்லது மூளை வரை போய்விட்ட நோய் என்றால் நகையை அடகு வைத்தாவது லிப்போசோமல் என்பது என் கருத்து. சிறுநீரகம் நன்றாக இருக்கிற இளம் வயதுக்காரர், லிப்போசோமல் கையில் இல்லை என்றால், அது வரும் வரை காத்திருப்பதைவிட சாதாரணத்தில் இன்றே தொடங்குவது மேல். முன்னும் பின்னும் சலைன் ஏற்றி, ரத்தப் பரிசோதனையைத் தவறாமல் பார்த்துக்கொண்டு கொடுப்பார்கள். மருந்தை மட்டும் சலைனில் கலக்க மாட்டார்கள், திரிந்துவிடும். டெக்ஸ்ட்ரோஸில்தான் கலப்பார்கள். சர்க்கரைக்காரருக்கு ஏன் குளுக்கோஸ் பாட்டில் என்று நர்ஸிடம் சண்டை போட வேண்டாம், அதற்குத் தகுந்தாற்போல் இன்சுலினைச் சரிசெய்வார்கள்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து கவனியுங்கள். ‘இன்ஜெக்‌ஷன் ஆம்போ பி 50 மி.கி., ஆறு’ என்று மட்டும் எழுதிய சீட்டு சில சமயம் வருகிறது. எந்த வகை என்று இல்லை. லிப்போசோமல் அளவில் சாதாரண மருந்து ஏறினால் உயிருக்கே ஆபத்து. இரண்டும் மஞ்சள், இரண்டும் 50. இப்படிச் சீட்டு வந்தால் நான் வார்டுக்குப் போன் போட்டுக் கேட்காமல் கொடுப்பதில்லை. வெளிக்கடையில் வாங்க அனுப்பினால், அட்டைப் பெட்டியில் ‘லிப்போசோமல்’ என்ற சொல் இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பார்த்து, போட்டோ எடுத்து வார்டு டாக்டருக்குக் காட்டுங்கள். பொட்டாசியம் குறைகிறதே, இளநீர் கொடுக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. கேட்காமல் கொடுக்காதீர்கள். சர்க்கரையும் ஏறும், சிறுநீரகம் படுத்திருந்தால் பொட்டாசியம் தலைகீழாக எகிறவும் செய்யும்.

கண்ணை எடுப்பதா

இந்தக் கேள்வி வந்தே தீரும், சில சமயம் நள்ளிரவில், கையெழுத்துத் தாளோடு. கண்குழியையே முழுதாக அகற்றும் ஆபரேஷன் உயிரைக் காப்பாற்றும் என்று எல்லா நோயாளிக்கும் நிரூபணம் இல்லை. மேலே சொன்ன 2,826 பேர் தொகுப்பில், நோய் மூளைக்குள் பரவியவர்களில் சைனஸைச் சுத்தம் செய்து கண்குழியையும் அகற்றியவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது.  கண்ணில் இன்னும் பார்வை இருக்கிறது, நோய் கண்குழியின் ஒரு பகுதியில்தான் என்றால், கண்ணுக்குப் பின்னால் ஆம்போடெரிசினையே ஊசியாகப் போட்டு, சைனஸைச் சுத்தம் செய்து, கண்ணை வைத்துக்கொண்டே சில நாள் பார்க்கும் வழி உண்டு. பார்வை முழுதும் போய், கண் கல்லாக நின்று, பின்னால் சதை செத்துக்கொண்டே போகிறது, மூளை இன்னும் தப்பியிருக்கிறது என்றால், எடுப்பதைத் தள்ளிப்போடுவதில் அர்த்தம் குறைவு. மூளைக்குள் ஏற்கெனவே பரவிவிட்டிருந்தால் கண்ணை எடுப்பதால் என்ன மாறும் என்று நேராகக் கேளுங்கள். கண் டாக்டர், மூக்கு சர்ஜன் இருவரையும் ஒரே நேரத்தில் நிற்க வைத்துக் கேளுங்கள். தனித்தனியாகக் கேட்டால் இரண்டு பதில் வரும், ராத்திரி போய்விடும்.

அட்டை எந்த ஊரில்

பெங்களூர்த் தமிழரில் நிறையப் பேருக்கு வாடகை இங்கே, ரேஷன் கார்டு ஊரில். கர்நாடகத்தின் ஆயுஷ்மான் பாரத் ஆரோக்கிய கர்நாடகத் திட்டத்தில் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. அவசரம் இல்லாத நிலையில் தனியாருக்குப் போக அரசு ஆஸ்பத்திரி பரிந்துரை வேண்டும். அதனாலும் முதல் படியை அரசு ஆஸ்பத்திரியில் வைப்பது புத்திசாலித்தனம். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இங்கே தானாகச் செல்லும் என்று நம்பி உட்காராதீர்கள், சேர்க்கும்போதே ஆரோக்கிய மித்ரா (காப்பீட்டு உதவியாளர்) மேசையில் கேட்டுவிடுங்கள். ஒரே நாடு ஒரே ரேஷன் என்பது அரிசிக்குத்தான், ஆபரேஷனுக்கு இல்லை. கார்மென்ட்ஸ், ஃபேக்டரி வேலைக்காரர்கள் சம்பளத்தில் இஎஸ்ஐ பிடிக்கிறார்கள் என்பதையே மறந்துவிடுகிறார்கள். ராஜாஜிநகரில் இஎஸ்ஐ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியே இருக்கிறது.

ஊசி முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது போசகோனசோல் அல்லது இசவுகோனசோல் மாத்திரை மாதக்கணக்கில் தொடரும். போசகோனசோல் சிரப்பும் மாத்திரையும் ஒரே அளவில் மாற்றிக்கொள்ளக் கூடியவை அல்ல. சிரப் என்றால் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு எடுக்க வேண்டும், கூட கேஸ் மாத்திரை போட்டால் உடம்பில் சேர்வது குறையும். வேலூர்க் கட்சிக்கு நான் விட்டுக்கொடுப்பது இந்தக் கட்டத்தில்தான். ஊரில் அம்மா சமைத்துப் போட, சர்க்கரையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள் என்றால் மறுபரிசோதனையை அங்கே மாற்றிக்கொள்ளலாம். டிஸ்சார்ஜ் சம்மரி, சதை ரிப்போர்ட், எம்ஆர்ஐ படங்கள் உள்ள டிஸ்க் மூன்றையும் கையில் வாங்கிக்கொண்டு, அடுத்த எண்டோஸ்கோப்பியும் எம்ஆர்ஐயும் எந்தத் தேதியில் என்று எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். மாத்திரை அடுத்த ஒரு மாதத்துக்கு இங்கேயே வாங்கிவிடுங்கள். ஊர்க் கடையில் அது தட்டிலேயே இருக்காது, ஆர்டர் போட்டு வர நாளாகும்.